உதடு அசையக் கூடாத பரீட்சை

ஏனுங்க, இந்த இடத்துக்கு ஆள் வருதுங்களா? இல்லையா, அப்போ நான் உட்கார்ந்துக்கறேன். நீங்க ஜன்னலோரமே இருங்க, எனக்குக் காற்று வேண்டாம். நான் புளியம்பட்டியில் இறங்கிவிடுவேன். நீங்க சத்தியமங்கலமா? நல்லதாகப் போயிற்று, பேச்சுத்துணைக்கு ஆள் ஆச்சு. ஐயோ, காதில் மாட்டியிருந்ததை எனக்காக எடுக்க வேண்டாமுங்க, பாட்டுக் கேட்கிறதென்றால் கேளுங்க. நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. எங்கள் வீட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க, கோகிலாக்காவைத் தவிர.

என்ன இவள், போனைத் திறக்கிறாள், மூடுகிறாள் என்று நினைக்காதீங்க. ஒரு மெயில் வரவேண்டும். இன்றைக்குக் காலையில் கோயமுத்தூரில் ஒரு பரீட்சை எழுதிவிட்டு வருகிறேன். முடிவை உடனே சொல்ல மாட்டார்களாம், பொழுதுசாய்வதற்குள் மெயிலில் வருமாம். பாஸ் என்று வந்தால் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு என் பிள்ளையோடு இருப்பேன். ஃபெயில் என்று வந்தால் மெட்ராஸ் போகவேண்டும். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவுதான் என்று வாய் சொல்கிறது, விரல் போனை விடமாட்டேன் என்கிறது.

என்ன வேலையா? கம்ப்யூட்டர் வேலைதானுங்க. வெளிநாட்டில் ஒரு கடைக்காரன், ஊர் ஊருக்குக் கடை போட்டிருக்கிறான். அத்தனை கடையின் பில்லும் ஒரே இடத்தில் போய்ச் சேரும். கிளவுட் டேட்டா வேர்ஹவுஸ் என்பார்கள். பெயரைக் கேட்டு மிரளாதீங்க, குடோன்தான். மூட்டைக்குப் பதில் கணக்கு. அந்தக் குடோனுக்குள் நாம் நுழைய முடியாது. ரேஷன் கடையில் இருக்கிற மாதிரி ஒரு ஜன்னல் இருக்கும், அதன் வழியாகக் கேட்டால் உள்ளே இருந்து எடுத்துக் கொடுப்பான். அந்த ஜன்னலுக்குத்தான் ஏபிஐ என்று பெயர். எப்படிக் கேட்கவேண்டும், எந்தச் சாவியைக் காட்டவேண்டும், அவன் ஒரு நம்பரைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம், இதெல்லாம்தான் பரீட்சை.

நான் தினமும் பார்க்கிற வேலைதான். ஆனால் அந்தக் கடைக்காரன் திடீரென்று, ஜன்னலைத் தொடுகிற எல்லாரும் சர்ட்டிபிகேட் வைத்திருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டான். எங்கள் மேனேஜர் வித்யாதர் சார் போனில் கூப்பிட்டார். "வான்மதி, ஜூன் முடியறதுக்குள்ள வாங்கிடுங்க. இல்லைன்னா வேற ப்ராஜெக்ட்தான். அதுக்கு நீங்க சென்னை ஆபீசுக்கு நேர்ல வந்தாகணும்" என்றார். தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னால் மட்டும் மெட்ராஸ் பக்கத்தில் வந்துவிடுமா? எங்கள் வீட்டுக்காரருக்குப் புளியம்பட்டி நூல் மில்லில் வேலை, விட்டுவிட்டு வரமுடியாது. என் பிள்ளை ஆதிராவுக்கு இப்போதுதான் மூன்று வயது முடிந்திருக்கிறது. கூட்டிப்போனால் அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. விட்டுப்போனால் நான் ஆளாக இருக்கமாட்டேன்.

கோகிலாக்கா யார் என்று சொல்லவில்லையே. என் ஓரகத்தி. எங்கள் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்சாதி. இரண்டு குடும்பமும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. நல்ல மனுஷிதானுங்க, நான் யாரையும் குறை சொல்கிற ஆள் இல்லை. ஆனால் நான் மெட்ராஸ் போய்த் தொலையவேண்டும் என்று அவங்களுக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை. வாய்விட்டுச் சொல்லமாட்டாங்க, செய்கிற காரியத்தில் தெரியும்.

இப்போ பாருங்க, எங்கள் வீட்டில் முன் ரூமில்தான் நெட் நன்றாக வரும். அது அவங்க ரூம். எனக்கு வீட்டிலிருந்து வேலை என்றானதும், "எனக்கு முன்னாடி படுத்தாத் தூக்கமே புடிக்கறதில்ல அம்மிணி, நீயே வெச்சுக்கோ" என்று கட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போயிட்டாங்க. பின் ரூம் எப்படி இருக்கும் தெரியுங்களா, தகரக் கூரை, வெயிலில் அடுப்பு. அங்கே தூக்கம் பிடிக்கிறதாம். எதற்குங்க? நாளைக்குக் குத்திக்காட்டத்தான். இன்னும் குத்திக்காட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமே.

இருங்க, ஒரு தரம் பார்த்துவிடுகிறேன். இல்லை, வரவில்லை. இனி அன்னூர் வரும்வரை தொடமாட்டேன். மாவு மில்லில் டின்னை வைத்துவிட்டு வந்த பிறகு, "ஆச்சுங்களா, ஆச்சுங்களா" என்று போய் நின்றால் மில்காரர் எரிந்து விழுவார் அல்லவா? அந்த ஜன்னலும் அப்படித்தான். பெரிய கேள்வியாக இருந்தால் ஒரு ரசீதைக் கையில் கொடுத்து அப்புறம் வா என்பான். நாம் அவசரப்பட்டு விடாமல் கேட்டால், தொல்லை பண்ணாதே என்பதற்கு ஒரு தனி நம்பர் வைத்திருக்கிறான். இந்தக் கேள்வியெல்லாம் காலையில் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன்.

படிப்பில் எனக்குக் குறை கிடையாதுங்க. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அங்கே படிப்பது என்றால் வாய்விட்டுப் படிப்பது. ஒரு வகுப்பு பெருக்கல் வாய்ப்பாடு சொன்னால் அடுத்த வகுப்பு அதற்கு மேல் கத்தித் திருக்குறள் சொல்லவேண்டும். சும்மா கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், "தூங்கறியா" என்று முதுகில் ஒன்று விழும். எனக்கு இன்றைக்கும் அப்படித்தான். வாய் வழியாகப் போனால்தான் மண்டைக்குப் போகும். காலேஜும் அப்படியே முடித்தேன், வேலைக்கு வந்தும் அப்படியே.

இதற்கும் அப்படியேதான் ஆரம்பித்தேன். பாத்திரம் கழுவும்போது, துணி உலர்த்தும்போது, எந்நேரமும் வாயில் பாடம். வீட்டுக்காரர் பாதி கேட்பதற்குள் தூங்கிவிடுவார். ஆதிரா பொம்மையை உட்கார வைத்து, "நீ எந்தச் சாவிய ஒளிச்சு வெச்ச, எந்தச் சாவியக் குடுத்த" என்று அதட்டுவாள். கோகிலாக்கா மட்டும், "இங்கிலீசுல வையற மாதிரியே இருக்குது புள்ள, சித்தெ நேரம் சும்மா இரு" என்பாங்க. சொல்லிவிட்டு, என் கையில் இருக்கும் பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு, போய் உட்கார்ந்து படி என்று துரத்திவிடுவாங்க. சமையற்கட்டில் நான் நிற்பதே அவங்களுக்குப் பிடிப்பதில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. இரண்டு மருமகள்கள், ஒரே குழம்புச் சட்டி. நான் கல்யாணமாகி வந்த புதிதில், அவங்க உப்புப் போட்டது தெரியாமல் நானும் போட்டு, குழம்பை வாயில் வைக்கமுடியாமல் போயிற்று. அன்றிலிருந்து உப்புப் போட்டவுடன் மூடிமேல் ஒரு வரமிளகாயை வைத்துவிடவேண்டும். மிளகாய் இருந்தால் மற்றவள் உப்பு டப்பாவைத் தொடக்கூடாது. அவங்க போட்ட சட்டம்தான். ஜன்னலில் ஒரு வேலையைக் கொடுத்து, பதில் வருவதற்குள் லைன் அறுந்துபோனால் மறுபடியும் கொடுக்கலாமா, கொடுத்தால் இரண்டு தரம் நடந்துவிடாதா என்று ஒரு பாடம் வந்தது. புத்தகத்தில் முழுப் பக்கத்துக்கு எழுதியிருந்தான். ஒன்றும் ஏறவில்லை. அப்புறம் பார்த்தால், முதல் தரம் கேட்கும்போதே ஓர் அடையாள நம்பர் வைத்துக் கேட்கவேண்டும், அதே நம்பரோடு மறுபடி கேட்டால் அவன் பார்த்துக்கொள்வான், இது ஏற்கெனவே நடந்தது என்று. அட, வரமிளகாய். அதற்கப்புறம் அந்தப் பாடத்தை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். இன்றைக்கு எழுதியது இரண்டாவது தரம். முதல் தரம் வீட்டிலேயே எழுதினேன். அப்படியும் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் இருக்கிற கேமரா வழியாக, எங்கேயோ இருந்து ஒருத்தன் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பான். ரூமில் வேறு ஆள் வரக்கூடாது. சுவரில் எழுத்து இருக்கக்கூடாது. காலண்டர், ஆதிரா கிறுக்கிய கிறுக்கல், மளிகைக்கடைப் பை, எல்லாவற்றையும் கோகிலாக்காதான் கழற்றிக்கொண்டு போனாங்க. அன்றைக்கென்று பார்த்து எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி. மூலைக்கு மூலை மைக் செட்டு. நான் கேமராமுன் உட்காரப் போகிறேன், அவங்க ஆதிராவை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பிட்டாங்க. எங்கே என்கிறீங்க? மைக் செட்டுக்காரனிடம் சண்டைக்கு.

நானே வீட்டுக்குள்ளிருந்து கேட்டேன். "ஒரு ரெண்டு மணி நேரம் அம்மன் பாட்டில்லாம இருக்கமாட்டாளா? எங்க வீட்டுல ஒரு புள்ள பரீச்சை எழுதுது, நிறுத்துடா" என்று தெருவே அதிர்கிறது. நோம்பி கமிட்டிக்காரர், "தாயி, சாமி காரியம்" என்கிறார். "சாமிகிட்ட நான் பேசிக்கறேன், நீங்க ஒயரப் புடுங்குங்க" என்கிறாங்க. பிடுங்கிவிட்டார்கள். அப்புறம் அவங்களும் ஆதிராவும் அங்கேயே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள், யாராவது மறுபடி போட்டுவிடுவார்களோ என்று. வீட்டில் ஒரு முக்கியமான காரியம் நடக்கும்போது ஊர்ச்சண்டைக்குப் போகிற பெண்பிள்ளையை என்ன சொல்வது நீங்களே சொல்லுங்க.

அதனால் என்ன ஆயிற்று தெரியுமா? ஊரே கப்சிப். குண்டூசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதியில் நான் முதல் கேள்வியைப் படித்தேன், கம்ப்யூட்டரிலிருந்து இங்கிலீசில் ஒரு குரல், வாய்விட்டுப் படிக்கக்கூடாது என்று. நான் எங்கேங்க வாய்விட்டேன்? உதடு அசைந்திருக்கும். சரி என்று வாயை இறுக்கிக்கொண்டேன். அஞ்சாறு கேள்வி போயிற்று. டோக்கன், அதுதான் ஜன்னலில் காட்டுகிற அனுமதிச் சீட்டு, அது காலாவதியாகிற கேள்வி வந்தது, அது கொஞ்சம் சிக்கல், என்னையறியாமல் "அப்போ மறுபடி கையெழுத்துப் போட்டு" என்று வந்துவிட்டது. மறுபடியும் அதே குரல். மூன்றாவது தரம் குரல் வரவில்லை. ஸ்கிரீனே மூடிக்கொண்டது. ரூமில் யாரோ இருக்கிறார்கள், நான் யாருடனோ பேசுகிறேன் என்று எழுதி அனுப்பிவிட்டான்.

யாரால் வந்தது? மைக் செட்டு ஓடியிருந்தால் என் முணுமுணுப்பு அவனுக்குக் கேட்டிருக்குமா? ஊரையே வாயடைக்க வைத்தால் என் வாய் தனியாகக் கேட்கத்தானே செய்யும். நான் இதைக் கோகிலாக்காவிடம் நேராகவே சொன்னேன். அவங்க ஆதிராவை இறக்கிவிட்டு, "மறுக்கா எழுத உடுவாங்களா?" என்றாங்க. "விடுவாங்க, இனி வீட்டுல முடியாது, கோயமுத்தூர்ல போய் எழுதோணும்" என்றேன். "அப்ப ஒதட்ட அடக்கப் பழகு" என்றாங்க. எப்படி இருக்கிறது பாருங்க.

அதற்கு ஒரு வைத்தியமும் கண்டுபிடிச்சாங்க. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு படிக்கவேண்டுமாம். விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. என் வாயை அடைக்கவேண்டும் என்று நான் அந்த வீட்டில் கால் வைத்த நாள் முதல் இருந்த ஆசை, ஒருவழியாக நிறைவேறியது. நான் கம்ப்யூட்டர் முன்னால், அவங்க எதிரில் முறத்தில் சின்ன வெங்காயத்தை வைத்து உரித்துக்கொண்டு. கை வெங்காயத்தில், கண் என் உதட்டில். உதடு அசைந்தால் ஒரு வெங்காயச் சருகு வந்து மூக்கில் விழும். குறி தப்பாது.

முதல் வாரம் நான் படித்ததைவிடத் தண்ணீர் குடித்ததுதான் அதிகம். ஒரு நாள் வீட்டுக்காரர் மில்லிலிருந்து வந்து, "என்ன வான்மதி, பல்லு வலியா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டுகிறேன். "கன்னம் வீங்கியிருக்குதே, டாக்டர்கிட்டப் போலாமா?" என்கிறார். மறுபடி தலையை ஆட்டுகிறேன். கோகிலாக்கா வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல், "தம்பி, உங்களுக்குக் கெடச்ச வரம், ஏன் கெடுத்துக்கறீங்க" என்றாங்க. எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. வாயிலிருந்த தண்ணீர் அத்தனையும் அவர் சட்டைமேல்.

அப்புறம் பழகிவிட்டது. ஒரு மாதிரியாக இருந்தது முதலில், நம் தலைக்குள் நாமே சத்தமில்லாமல் கேட்பது. யாரும் இல்லாத வீட்டில் நடக்கிற மாதிரி. பிறகு தண்ணீர் இல்லாமலே வந்துவிட்டது. ஆனால் ஒன்று கவனித்தேன். நான் சத்தமில்லாமல் படிக்க ஆரம்பித்த பிறகு கோகிலாக்கா அடிக்கடி வந்து ரூமை எட்டிப்பார்ப்பாங்க. வேவு பார்க்கிறது. ஒரு நாள் கேட்டே விட்டேன், "என்னங்க்கா வேணும்?" என்று. "ஒண்ணுமில்ல, சத்தத்தையே காணமே, இருக்கறயா இல்லையான்னு பாத்தேன்" என்றாங்க. நான் எப்போது காலியாகப் போகிறேன் என்று அவ்வளவு கணக்கு.

இன்றைக்கா? இன்றைக்கு அந்தப் பரீட்சைக் கூடத்தில் ஒரு சோதனை போட்டார்கள் பாருங்க, திருட்டு நகை கொண்டுபோகிறவள் மாதிரி. தோடு, வளையல், தலைக் கிளிப் எல்லாம் கழற்றியாயிற்று. கடைசியில் அந்தப் பெண் என் தாலிக்கொடியைப் பார்த்து நின்றுவிட்டாள். கொடியில் ஊக்கு மாட்டியிருந்தேன், நாம் எல்லாரும் மாட்டுவதுதானே. "மேடம், இது என்ன இத்தனை?" என்கிறாள். "ஒண்ணு எனக்கு, மத்ததெல்லாம் கேக்கறவங்களுக்கு" என்றேன். ஒன்றொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். உள்ளே போனால், பக்கத்து இருக்கையில் ஒரு தாடிவைத்த தம்பி வேறு ஏதோ பரீட்சை எழுதிக்கொண்டு, நன்றாக வாய்விட்டு முணுமுணுக்கிறான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நானும் வாயைத் திறந்து பார்த்தேன். சத்தம் வரவில்லைங்க. பழகியது பழகியதுதான். உதடு ஒட்டிக்கொண்டது. கடைசிக் கேள்வி வரைக்கும் ஒரு முனகல் இல்லை.

அன்னூர் வந்துவிட்டதா? பேச்சில் தெரியவே இல்லை. இருங்க, பார்க்கிறேன்.

இல்லை.

பாதி கேள்வி நன்றாகச் செய்தேன். இன்னொரு பாதி நன்றாகச் செய்த மாதிரி இருந்தது. அதுதான் ஆபத்து. இந்த டோக்கன் கேள்வி இன்றைக்கும் வந்தது, வேறு வேஷத்தில். அது ஒரு மணி நேரம் செல்லும் என்று போட்டேன். ஒரு மணி நேரம்தான், இல்லையா? உங்களிடம் கேட்டால் உங்களுக்கு என்ன தெரியும், பாவம். நேற்று ஆதிராவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். இதில் எது மெட்ராசுக்கு, எது இங்கே என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்க, அப்படியே துணியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். கோகிலாக்கா வந்து மிச்சத்தை மடித்தாங்க. எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் வைத்தாங்க. 

சத்தம் வந்ததே. உங்கள் போனா? என்னுடையதா?

என்னுடையதுதான். வந்துவிட்டது. ஏனுங்க, நீங்களே பார்த்துச் சொல்லிவிடுங்களேன்.  இதோ, இந்த மேல் வரிதான், அமுக்குங்க. இங்கிலீஷ்தான், பரவாயில்லை, நீங்க வாய்விட்டே படிக்கலாம், இங்கே கேமரா இல்லை. மெதுவாகப் படிங்க.

மறுபடியும் படிங்க.

பாஸா. என் பெயர்தானே போட்டிருக்கிறது? வான்மதி என்று? சரி. சரிங்க. ஒரு நிமிஷம்.

போனைக் கொடுங்க. ஒரு போன் பண்ணிவிடுகிறேன், தப்பாக நினைக்காதீங்க.

அக்கா, நாந்தான். பஸ்ஸுலதான் இருக்கறேன். பாஸுங்க்கா. ஆமா. ஆமாங்க்கா, இப்பத்தான் வந்துது. இல்லீங்க்கா. போகோண்டியதில்ல. நல்லாப் பாத்தாச்சு, பக்கத்துல ஒரு அக்கா இருக்காங்க, அவங்கதான் படிச்சாங்க. இல்லைங்க்கா, மெட்ராஸ் போகவே வேண்டியதில்ல. எப்பவுமா? எப்பவும்தான். அக்கா? அக்கா, கேக்குதா? என்ன சத்தமே இல்ல? சரி, வெச்சறட்டுமா? வெச்சுட்டாங்க.

அட, எங்கள் வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவே இல்லை பாருங்க. மில்லில் இருப்பார், இறங்கிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

கேட்டீங்க இல்லையா? நல்லதாக நாலு வார்த்தை உண்டா? "அப்ப மெட்ராஸ் போகலையில்ல, போகலையில்ல" என்று திரும்பத் திரும்ப அதே கேள்வி. போகவில்லை என்றதும் பேச்சே நின்றுவிட்டது. வைக்கும்போது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, நான் காதில் வாங்காத மாதிரி விட்டுவிட்டேன். ஏனுங்க, நீங்களும் நாலு இடம் பார்த்தவங்க. கூட இருக்கிற ஒருத்தி எங்கேயும் போகாமல் வீட்டோடு இருக்கப்போகிறாள் என்றதற்கு அழுகிற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?